மழைக்காலம், ஏ.சி. அறை, ஃப்ளூ: காற்றின் ஈரம் எவ்வளவு முக்கியம்?

ஃப்ளூ என்றால் குளிரும் வறட்சியும் சேர்ந்த காலத்து நோய் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் சொல்லும். அந்த ஊர்களுக்கு அது சரிதான். இந்தியாவில் பல நகரங்களின் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது படம் மாறியது. ஸ்ரீநகரில் மட்டும் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, நல்ல மழைக்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாத மாதங்கள் அவை.

அப்படியானால் 'அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்தால் வைரஸ் பரவாது' என்ற அறிவுரையை என்ன செய்வது? அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை, அதிலும் நமக்குக் குறைவாக உதவும் பாதி. மீதிப் பாதி, அடுத்தவர் விட்ட மூச்சில் எவ்வளவு நம் மூக்குக்குள் போகிறது என்பது. இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால்தான் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்று தெரியும்.

மூச்சோடு வெளியே வருவது என்ன

மூச்சுவிடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் நுரையீரலிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஈரத் துளிகள் வெளியே வருகின்றன. 100 மைக்ரான், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் உள்ள துளி, நிற்கும் ஆளின் வாய் உயரத்திலிருந்து ஐந்தாறு நொடியில் தரையில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துளிக்கு எட்டு நிமிடம் ஆகும். 5 மைக்ரானுக்கு அரைமணி. 1 மைக்ரானுக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதுவும் காற்று அசையாத அறையில். மின்விசிறி சுற்றும் அறையில் அது விழுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு துளிகளைத்தான் ஏரோசால் என்கிறோம். சமையலறையில் மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர் தும்முவது போல, ஒரே காற்றில் இருக்கும் எல்லோருக்கும் அவை போய்ச் சேரும். மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வரும் அடர்ந்த மூச்சிலிருந்து தப்பலாம். அறை முழுவதும் கலந்துவிட்டதிலிருந்து தப்ப முடியாது.

சத்தம் கூடக் கூடத் துளிகளும் கூடும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், கொரோனாவால் நோய்ப்பட்டவர்கள் 53 பேர். வாய்ப்பாட்டையும் செய்யுளையும் கூட்டாக ஒப்பிக்கும் டியூஷன் அறைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஈரம் செய்யும் மூன்று வேலைகள்

நாம் சாதாரணமாகச் சொல்லும் ஈரப்பதம் 'ஒப்பு ஈரப்பதம்'. அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பது. சூடான காற்று அதிகம் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 30 டிகிரியில் 75 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர். அதே காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் அவ்வளவையும் தாங்காது. ஏ.சி.யின் உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருள்குழாய் 24 டிகிரியைவிட இன்னும் குளிர்ச்சியானது, அதனால் அங்கே நீர் படிந்து ஒழுகுகிறது. மாடியிலிருந்து குழாய் வழியே நடைபாதையில் சொட்டுகிறதே, அது அறைக்காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்தான். வெளியே 75 இருந்தாலும் ஏ.சி. அறைக்குள் 50, 55 என்று மீட்டர் காட்டுவது இதனால்தான்.

இந்த ஈரம் முதலில் துளியின் அளவை மாற்றுகிறது. வறண்ட காற்றில் துளி சட்டென்று சுருங்கும்; விழவேண்டிய துளிகளில் சில மிதக்கத் தொடங்கும்.

இரண்டாவது வேலை துளிக்குள் நடக்கிறது. துளியில் தண்ணீரோடு உப்பும் புரதமும் சளியும் உண்டு. ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 50க்குக் கீழே போனால் தண்ணீர் வற்றி உப்பு படிகமாகிவிடும். கருவாட்டில் போல எல்லாம் காய்ந்து இறுகிவிடுவதால் வைரஸ் அதிகம் சிதையாமல் அப்படியே கிடக்கும். 50க்கு மேலே போனால் தண்ணீர் முழுதாக வற்றாது, ஆனால் குறைந்துவிடும். உப்பு கரைந்த நிலையிலேயே பல மடங்கு செறிவாகிவிடும். ஊறுகாய்ச் சாடிக்குள் மாட்டியது போல. வைரஸுக்கு மிக மோசமான இடம் இதுதான். 100ஐ நெருங்கும்போது தண்ணீர் ஆவியாவதே இல்லை, உப்பின் செறிவு உடம்பில் இருந்த அளவிலேயே நிற்கும், வைரஸ் மறுபடி சௌகரியமாக இருக்கும். ஃப்ளூ வைரஸை வைத்து அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட விளக்கம் இது. அதாவது ஈரம் கூடக் கூட நல்லது என்பதல்ல. நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. '40 முதல் 60' என்ற எண் எல்லோர் வாயிலும் வருவதற்கு இந்தப் பள்ளமும் ஒரு காரணம்.

மூன்றாவது வேலை நம் மூக்கில். மூக்கின் உட்புறமும் மூச்சுக்குழாயும் சளிப் படலத்தால் பூசப்பட்டவை. அதன் அடியில் நுண்ணிய மயிரிழைகள் அலையடித்து, மாட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று மிகவும் வறண்டால் படலம் கெட்டியாகி இந்த ஓட்டம் தளரும். யேல் பல்கலைக்கழகத்தில் 2019இல் எலிகளை 10–20 சதவீத ஈரத்திலும் 50 சதவீத ஈரத்திலும் வைத்து ஃப்ளூ கொடுத்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றில் இருந்தவற்றுக்கு நோய் கடுமையாக இருந்தது.

இவை மூன்றும் சேர்ந்து குளிர்நாட்டுக் கதையை நன்றாக விளக்குகின்றன. டொரொண்டோவில் ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரி. அந்தக் காற்று ஒரு கனமீட்டருக்கு இரண்டு கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 10, 12க்கு வந்துவிடும். குளியலும் சமையலும் மூச்சும் சேர்ந்து கொஞ்சம் ஏற்றிவிடும், அவ்வளவுதான். உதடு வெடிப்பதும் காலையில் மூக்கில் ரத்தம் கசிவதும் அதனால்தான். நியூயார்க்கில் 2007இல் கினிப்பன்றிகளை வைத்துச் செய்த சோதனையும் இதையே காட்டியது: 20 டிகிரியில், ஈரப்பதம் 20–35 சதவீதமாக இருந்தபோது ஃப்ளூ ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு நன்றாகத் தாவியது; 80 சதவீதத்தில் தாவவே இல்லை.

அதே சோதனைப்படி பார்த்தால் சென்னையில் அக்டோபரில் ஃப்ளூவே இருக்கக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கொரோனா வைரஸ் காற்றில் எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கும் என்று 2020இல் அளந்தார்கள். 65 சதவீத ஈரத்தில், 21–23 டிகிரியில், பாதியாகக் குறைய சுமார் 66 நிமிடம். பிறகு வேறு முறையில் அளந்தவர்கள் இன்னும் வேகமாகக் குறைவதையும் பார்த்தார்கள். நல்ல ஈரப்பதம் கிடைத்து இந்த நேரம் சரிபாதியாக, 33 நிமிடமாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய வெற்றிதான்.

இப்போது காற்றோட்டத்தைப் பாருங்கள். அறையின் கன அளவுக்குச் சமமான புதுக்காற்று மணிக்கு 5 தடவை வந்துபோனால், காற்றில் இருப்பது எட்டு நிமிடத்தில் பாதியாகும். செத்த வைரஸ், உயிருள்ள வைரஸ் என்ற பேதமில்லை. எல்லாமே வெளியே போய்விடும். மழைக்கு ஜன்னலை இழுத்துச் சாத்தி, சந்து பொந்துகள் வழியாக மட்டும் மணிக்கு அரைத்தடவை காற்று மாறும் அறையில் அதே வேலைக்கு 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்து மடங்கு வித்தியாசம். மழைக்கால ஃப்ளூவுக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் நமக்கு மிகவும் பொருந்துவது இதுதான்: மழையில் வெளிக்காற்று எப்படி இருந்தாலும், நாம் சாத்திய அறைக்குள், நெருக்கமாக, அதிக நேரம் இருக்கிறோம்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட சாட்சி சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம். 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஜன்னலில்லாத மூன்றாம் தளம். வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒரு மேசையில், இரண்டு பக்கத்து மேசைகளில் வேறு இரண்டு குடும்பங்கள். மூன்று குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்குத் தொற்று. மற்ற மேசைகளில் இருந்தவர்களுக்கோ பரிமாறியவர்களுக்கோ இல்லை. மூன்று மேசைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றுச் சுழலுக்குள் இருந்தன. எக்ஸாஸ்ட் விசிறிகள் ஓடவில்லை. பிறகு ஆய்வாளர்கள் அங்கேயே ஓர் அடையாள வாயுவை விட்டு அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தபோது ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் புதுக்காற்று கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள்: சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இரண்டு செப்புக் குழாய்களில் போய்வருவது குளிரூட்டும் வாயு மட்டும். உள்ளே இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிர்வித்துத் திருப்பித் துப்புகிறது. உள்ளிருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், ஏரோசாலைப் பிடிக்காது. பழைய பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, வெண்டிலேட்டர் என்று ஒரு திறப்பு இருக்கும். (இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஐ.சி.யூ.தான் நினைவுக்கு வருகிறது.) மேலேறும் சூடான காற்று அதன் வழியே போய்விடும். ஏ.சி. மாட்டும்போது குளிர் போகக்கூடாது என்று முதலில் அதைத்தான் பிளைவுட் வைத்து அடைக்கிறார்கள்.

மூச்சை எண்ணும் மீட்டர்

வைரஸை வீட்டில் அளக்க முடியாது. அடுத்தவர் மூச்சை அளக்க முடியும். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, அதாவது 420 பிபிஎம். அறைக்குள் அதற்கு மேல் எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும், அடுப்பு எரியாத அறையில், யாரோ விட்ட மூச்சு. ஆளுக்கு 10 லிட்டர் புதுக்காற்று கிடைக்கும் அறையில் மீட்டர் 900 அருகே நிற்கும்.

ஒரு டியூஷன் அறையை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 15 அடி, 10 அடி உயரம், 85 கனமீட்டர். 25 பிள்ளைகள். ஏ.சி. போட்டு, கதவு சாத்தியாயிற்று. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 பிபிஎம் ஏறும். இருபதாவது நிமிடத்தில் 1,700. ஒரு மணி நேரத்தில் 3,700. பிள்ளைகள் கொட்டாவி விடுவது பாடத்தால் மட்டும் அல்ல. இந்த அறைக்கு மணிக்கு 5 காற்றுமாற்றம் கொடுத்தாலும் ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர்கூட வராது, மீட்டர் 1,250க்கு மேலேயே நிற்கும். இங்கே உண்மையில் தேவை மணிக்கு 10. '5 காற்றுமாற்றம் போதும்' என்ற விதி வீட்டு அறைக்குச் சரி, நெரிசலான அறைக்கு ஆள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு வெறும் அடையாளம் மட்டுமல்ல என்பது சமீபத்தில் தெரியவந்தது. துளிக்குள் இருக்கும் பைகார்பனேட் என்ற உப்பு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும்போது துளி காரமாகிறது (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை). அந்தக் காரம் கொரோனா வைரஸைக் கொல்கிறது. அறையில் ஏற்கெனவே அந்த வாயு கூடியிருந்தால் துளியிலிருந்து அது எளிதில் வெளியேறாது, காரம் ஏறாது. 800 பிபிஎம் அளவிலேயே வைரஸ் கூடுதல் நேரம் தாங்குவதை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2024இல் காட்டினார்கள்.

மீட்டர் வாங்கும்போது, கார்பன் டை ஆக்சைடையே நேரடியாக அளக்கும் 'என்டிஐஆர்' (NDIR) அல்லது 'ஃபோட்டோஅகூஸ்டிக்' (photoacoustic) சென்சார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் பல, வேறு வாயுக்களை அளந்து கார்பன் டை ஆக்சைடை ஊகிப்பவை. பக்கத்தில் சானிடைசரைத் தெளித்தால் எண் எகிறினால் அது அந்த ரகம். நல்ல மீட்டரிலும் ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலானவை சில நாட்களில் பார்த்த மிகக்குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ளும். எப்போதும் சாத்தியிருக்கும் அறையிலேயே வைத்தால் அது 800ஐ 420 என்று நம்பத் தொடங்கிவிடும். வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள்.

காற்று எத்தனை தடவை மாறுகிறது என்பதையும் இதே மீட்டரால் அளக்கலாம். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2,000 என்றால், வெளிக்காற்றைவிடக் கூடுதல் 1,580. அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, அதாவது 580க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மீட்டரில் அப்போது 1,000 காட்டும். அந்த நேரம்தான் ஒரு காற்றுமாற்றம். 20 நிமிடம் ஆனால் மணிக்கு 3. ஆள் உள்ளே இருந்தால் கணக்கு கெட்டுவிடும். எட்டிப் பார்த்துவிட்டு வெளியே நில்லுங்கள்.

எதை மாற்றுவது

முதலில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்பு. ஒரே ஜன்னலை முழுதாகத் திறப்பதைவிட, ஜன்னலில் ஒரு சாணும் எதிர்க்கதவில் ஒரு சாணும் திறப்பது மேல். உள்ளே வர வழியில்லாமல் காற்று வெளியே போகாது. எக்ஸாஸ்ட் விசிறி மாட்டியவர்கள் தவறுவதும் இங்கேதான்: கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் சத்தம்தான் வரும். விசிறிப் பெட்டியில் மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று போட்டிருக்கும்; வலை, பின்பக்கத் தகடு, படிந்த பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதைக் குறைக்கும் என்பதால் தேவையைவிட ஒன்றரை மடங்கு பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன டியூஷன் அறைக்குத் தேவை மணிக்கு 900 கனமீட்டர். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது; ஜன்னல் திறந்திருந்தால் உதவும், சாத்தியிருந்தால் ஒரு மூலையில் இருந்ததை எல்லா மூலைக்கும் கொடுக்கும்.

கொசுவுக்காக மாலை ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்துவது நம் ஊர் வழக்கம். கொசுவலை அடித்துத் திறந்துவைக்கலாம். வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும், தூசி அடைத்தால் இன்னும் மோசம், மாதம் ஒருமுறை கழுவுங்கள். சாத்திய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகைத்துகள் நுரையீரலுக்கே தனிப் பிரச்சினை.

சாலைப் புகையாலோ வெயிலாலோ ஜன்னலைத் திறக்க முடியாத இடத்தில் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபையர் உதவும். பெட்டியில் 'சிஏடிஆர்' (CADR) என்று இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்பது அது. 10க்கு 12 அடி படுக்கையறை 34 கனமீட்டர். 5 மாற்றத்துக்கு 170 வேண்டும். ஆனால் அந்த எண் அதிகபட்ச வேகத்தில் அளந்தது. சத்தம் தாங்காமல் இரவில் 'ஸ்லீப்' வைத்தால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஆகவே இரண்டு மடங்கு எண் உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓடவிடுவது நல்லது. பியூரிஃபையர் வைத்தபின் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இறங்காது. வடிகட்டி துகளைப் பிடிக்குமே தவிர வாயுவைப் பிடிக்காது. அதைப் பார்த்துப் பயனில்லை என்று அணைத்துவிடாதீர்கள். அயனி விடுவது, ஓசோன் விடுவது போன்ற கூடுதல் வசதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

ஈரப்பதத்துக்கு வருவோம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபையர் வாங்குவது கடற்கரைக்கு மணல் சுமப்பது. நம் கவலை மறுபக்கம்: 65க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பீரோவின் பின்பக்கமும் தோல் பெல்ட்டும் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் தூசிப்பூச்சி பெருகும். ஏ.சி.யை மழைநாளில் 'டிரை' முறையில் ஓடவிடுவது போதும், ஜன்னலில் இரண்டு விரல் திறப்போடு. கரண்ட் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கனடா, ஐரோப்பா பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் ஹியூமிடிஃபையர் நியாயமானது. கடுங்குளிரில் 30–35 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 50க்கு ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரை அதிர்வால் பனிபோலத் தெளிக்கும் அல்ட்ராசானிக் வகையில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் வெள்ளைத் தூளாகப் பறந்து அறைக்காற்றையே கெடுக்கும். காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) மட்டும் ஊற்ற வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், குளியலறை ஒட்டிய அறை இருந்தால் அதைக் கொடுங்கள். குளியலறை எக்ஸாஸ்டை இரவும் பகலும் ஓடவிட்டு, குளியலறைக் கதவைத் திறந்தே வையுங்கள். அறைக்கதவைச் சாத்தி, அதன் அடி இடுக்கருகே ஹால் பக்கமாக ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. ஹாலை நோக்கித் திரும்பினால், அறை ஜன்னலில் வெளிக்காற்று மோதி உள்ளே இருப்பதை வீட்டுக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம்; அந்த ஜன்னலைப் பாதியாகக் குறைத்து, ஹால் ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். காற்று திசை மாறும் என்பதால் காலையும் மாலையும் ஒருமுறை. நோயாளி அறையைவிட்டுப் போனபின் கூட்டிப் பெருக்க உடனே உள்ளே போக வேண்டாம். மணிக்கு 5 மாற்றம் உள்ள அறையிலும் காற்றில் இருப்பது நூற்றில் ஒரு பங்காகக் குறைய 55 நிமிடம் ஆகும்.